மீனைத் தாண்டினால் துனிசியாக்காரி

"எந்த ஊரும்மா நீ?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெற்கே காபெஸ் என்பேன். "அது சரி, அதுக்கு முன்னால?" என்பார்கள். அதுக்கு முன்னால எங்க அம்மா வயிறு, போதுமா என்பேன். என் அப்பா இந்த மண்ணில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் காபெஸ் ஈச்சந்தோப்பில் ஏறி இறங்கியே கால் தேய்ந்தவர். நான் ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து தலையும் நரைத்துவிட்டது. புருஷனை இந்த ஊரில்தான் அடக்கம் செய்தேன். இந்த ஊர்க் கல்யாணங்களில் பாதிக்கு மேல் நான்தான் மேளம் அடித்திருக்கிறேன். ஆனாலும் தோல் கறுப்பு என்றால், பேருந்தில் பரிசோதகரிடம் டிக்கெட்டைக் காட்டுவதுபோல 'துனிசியாக்காரி' என்ற சொல்லை எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காட்டினால் விட்டுவிடுவார்கள்.

அந்த வாரம் ஊருக்குப் பேய் பிடித்திருந்தது. எங்கோ ஏதோ தகராறு என்றார்கள், ஆளுக்கொரு கதை சொன்னார்கள். மறுநாளே தெருமுனைகளில் பையன்கள் கம்போடு நின்றார்கள். ஆப்பிரிக்கர்களைத் துரத்தப் போகிறார்களாம். "அப்போ நாம எங்க இருக்கோம்க்கா, சந்திர மண்டலத்துலயா?" என்று என் தம்பி பெஷீர் கேட்டான். அவன் எப்போதும் கேலி பேசுகிறவன். அன்றைக்கு அவனுக்கே சிரிப்பு வரவில்லை. வாடகை வீடுகளின் கதவுகளை உடைத்து மெத்தைகளைத் தெருவில் எறிந்திருந்தார்கள். கறுப்பாக யாரைப் பார்த்தாலும் நிறுத்திப் பேசச் சொன்னார்கள். நம் பேச்சை நம் இழுவையோடு பேசினால் போகலாம். நாக்குத் தடுமாறினால் அடி விழும்.

என் வீட்டு மொட்டைமாடி அறையில் ஆவா குடியிருந்தாள். ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்தவள். அவள் புருஷன் மூசா கட்டட வேலை பார்த்தான். திங்கட்கிழமை காலையில் ரொட்டி வாங்கப் போனவன் திரும்பவில்லை. வண்டியில் ஏற்றிப் பாலைவனப் பக்கம் கொண்டுபோனதாக ரொட்டிக் கடைக்காரர் மட்டும் ஜாடையாகச் சொன்னார். போன் போட்டால் மணியே போகவில்லை. ஆவாவுக்கு நிறைமாதம். மாடியை விட்டு இறங்காதே, விளக்குப் போடாதே, இருமல் வந்தால் தலையணையை வாயில் வைத்துக்கொள் என்று சொல்லி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு தடவை, "மாடியில இன்னும் ஆள் இருக்கா?" என்று விசாரித்தாள். எலி இருக்கு, வந்து பிடிச்சுக் குடுக்கிறியா என்று கேட்டு அனுப்பினேன். உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம், சுவரைப் பிடித்துக்கொண்டு ஆவா படியிறங்கி வந்தாள்.

"அக்கா, ஆரம்பிச்சிடுச்சு."

"என்ன ஆரம்பிச்சிடுச்சு?" என்று கேட்டேன். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருந்தாலும் கேட்டேன். அவள் இல்லை என்று சொல்லிவிட மாட்டாளா என்று ஆசை.

முதல் பிள்ளை. இடுப்பு ஒடுங்கியவள். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றால் எனக்கு மேளம் அடிக்கத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரிய சாலையை மறித்திருந்தார்கள். மருத்துவச்சி தலீலாவுக்குப் போன் போட்டேன். பெஷீர் பிள்ளைகள் மூன்றும் அவள் கையில் பிறந்தவை. மீன் சந்தைக்கு அந்தப் பக்கம் அவள் வீடு.

"என்னால வெளிய வர முடியாது ம்பார்க்கா. எங்க தெருவுல நேத்து ஒரு வீட்டையே கொளுத்திட்டானுங்க. நீ கூட்டிட்டு வா. ஆமா, யாரு அது?"

"என் சித்தப்பா பொண்ணு. காபெஸ்ல இருந்து வந்திருக்கா."

"துனிசியாக்காரிதானே?"

"பின்ன?" என்றேன். பொய் அவ்வளவு வேகமாக வந்தது.

மீன் சந்தை முனையில் கும்பல் நிற்கிறது, அதைக் கடக்காமல் தலீலா வீட்டுக்குப் போக முடியாது. ஆவா நாலு வார்த்தை என்னைப்போலவே பேசுவாள். ஐந்தாவது வார்த்தையில் பிரெஞ்சு எட்டிப் பார்க்கும். அதுவும் வலியில். என்ன செய்வது என்று தெரியாமல் கூடத்தில் அங்கும் இங்கும் நடந்தேன். அப்போதுதான் கல்யாணப் பெட்டி கண்ணில் பட்டது. பெண்ணுக்கு வாடகைக்குக் கொடுக்கிற துணிமணியெல்லாம் அதில்தான் கிடக்கும்.

எங்கள் தெற்கத்திக் கல்யாணத்தில் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது முகத்தை முழுக்க மூடியிருப்போம். வாசல் மிதிக்கும்வரை அவள் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது. கல்யாண வண்டியை மறிப்பவன் இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. நான் அப்படித்தான் நினைத்தேன்.

"உனக்கு மூளை கலங்கிடுச்சாக்கா?" என்றான் பெஷீர். "பிடிச்சானுங்கன்னா அவளை மட்டுமா அடிப்பானுங்க? என் வண்டியை எரிப்பானுங்க. எனக்கு மூணு பிள்ளைங்க இருக்கு."

"அந்த மூணு பிள்ளைங்களும் எப்படிப் பிறந்துச்சுங்க? வெளியில நின்னு அழுதது யாரு? போடா, போய் வண்டியக் கழுவு. ரிப்பன் கட்டு."

"கழுவ வேறயா?"

"கல்யாண வண்டிடா. அழுக்கா வந்தா எவன் நம்புவான்?"

முணுமுணுத்துக்கொண்டே போனான். கழுவினான். ரிப்பனும் கட்டினான்.

வயிற்றை மறைக்கத்தான் பெரும்பாடு. இரண்டு போர்வை சுற்றி, மேலே தகட்டு நகைகளை வரிசையாகத் தொங்கவிட்டேன். கைகளில் மருதாணியை அப்பி, சிவப்புத் துணியால் மூட்டை கட்டினேன். தலைக்குமேல் சிவப்பு முக்காடு. உள்ளே ஒரு கைக்குட்டையைக் கொடுத்து, வலித்தால் கடி என்றேன்.

"அக்கா, மூசா இல்லாம இந்தத் துணியெல்லாம் போடுறேனே," என்றாள் முக்காட்டுக்குள்ளிருந்து. அழ நேரமில்லையடி, நட என்று அதட்டினேன்.

பெஷீரின் பழைய வண்டியில் பின்னால் அவளும் நானும். மேளத்தை மடியில் வைத்து அடித்துக்கொண்டே போனேன். கல்யாணத்துக்கு அடிக்கும் அதே அடிதான். ஆனால் விரல்கள் சில்லிட்டிருந்தன. ஜூலை வெயிலில் விரல் சில்லிடுமா? சில்லிட்டது. ஜன்னல்களில் பெண்கள் எட்டிப் பார்த்துக் குலவையிட்டார்கள். பிழைத்தோம் என்றே நினைத்தேன்.

மீன் சந்தை முனையில் பீப்பாய்களை உருட்டி வழியை அடைத்திருந்தார்கள். இருபது பேருக்கு மேல் இருக்கும். ஓரத்தில் பாதி எரிந்த நாற்காலி ஒன்று கிடந்தது, யாருடையதோ. முன்னால் நின்றவனை எனக்குத் தெரியும். ஸ்லிம். போன் ரிப்பேர் செய்கிற கடையில் இருப்பவன். அவன் அக்கா கல்யாணத்துக்கு நான் மேளம் அடித்திருக்கிறேன், அன்றைக்கு என் முன்னால் ஆடு ஆடு என்று ஆடியவன். இப்போது கையில் இரும்புக் கம்பி.

"அட, ம்பார்க்கா சித்தி! யாருக்குக் கல்யாணம்?"

"என் சித்தப்பா பொண்ணுக்குடா. வழிய விடு, மாப்பிள்ளை வீட்டுல காத்துக்கிட்டிருக்காங்க."

"பொண்ணு துனிசியாக்காரிதானே?"

அவன் அதைச் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். என்னைப் பார்த்து, என் வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்து. என் வாயில் நல்ல வசவு ஒன்று வந்தது, முழுங்கினேன்.

"இல்லடா, ஜப்பான்காரி. கேள்வியப் பாரு! எங்க தாத்தா காலத்துலயே நாங்க துனிசியாக்காரங்க."

கும்பல் சிரித்தது. "அப்போ ரெண்டு வார்த்தை பேசச் சொல்லு," என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"பொண்ணு பேசுறதா? உங்க வீட்டுல பொண்ண அப்படித்தான் வளர்ப்பீங்களா? வாசல் மிதிக்கிற வரைக்கும் வாய் திறக்க மாட்டா. திறந்தா உங்க ஊர் மாப்பிள்ளைக்குத்தான் ஆகாது."

அங்கேதான் என் நாக்கு என்னைக் காட்டிக்கொடுத்தது. உங்கள் ஊர் மாப்பிள்ளை என்றால் அவர்கள் பெண்ணையும் தங்கள் ஆள் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்து, கொஞ்சம் குளிர வைப்போமே என்று சொன்னேன். காபெஸ் மாப்பிள்ளை என்று சொல்லியிருந்தால் பீப்பாயை உருட்டி வழி விட்டிருப்பார்கள். ஸ்லிம் முகம் மலர்ந்துவிட்டது.

"ஸ்ஃபாக்ஸ் மாப்பிள்ளையா? டேய், நம்ம ஊருக்கு வர்ற மருமகடா! மீன் தாண்டாம எப்படிப் போவா?"

"மீன்! மீன்!" என்று கத்தினார்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு அது ஒரு வழக்கம். புதுப்பெண் பெரிய மீன் ஒன்றை ஏழு தடவை தாண்ட வேண்டும். வீடு நிறையும், பிள்ளை பெருகும் என்பார்கள்.

"அது கல்யாணத்துக்கு மறுநாள் செய்யறதுடா. மாப்பிள்ளையும் கூட நிக்கணும்," என்றேன். என் குரல் எனக்கே மெலிதாகக் கேட்டது.

"நாளைக்கு அங்க தாண்டட்டும். இன்னிக்கு எங்களுக்காகத் தாண்டட்டும் சித்தி. நாலு நாளா இந்த வெயில்ல நின்னு ஊரைக் காவல் காக்கிறோம். ஒரு நல்லது பார்க்கக் கூடாதா?"

காவலாம். பெஷீர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்தில் வியர்வை ஓடியது. பின்னால் எடுத்து ஓட்டிவிடலாம் என்றால் இரண்டு பேர் வண்டியின் பின்கதவில் சாய்ந்து நின்றார்கள். வேண்டாம் என்று இன்னொரு தடவை சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் முக்காட்டைத் தூக்குவார்கள்.

மீன்காரர் ஹமாதியின் தள்ளுவண்டி ஓரத்தில் நின்றது. ஐம்பது வயது, பெருத்த உடம்பு, ரப்பர் பூட்ஸ். கும்பலோடு சேர்ந்தவரா, பயந்து நிற்கிறவரா, தெரியவில்லை. ஐஸ் வாளியிலிருந்து ஒரு பெரிய கலவா மீனை எடுத்து வந்து, கேட்காமலே, வண்டிக்குப் பக்கத்தில் தார்ச்சாலையில் போட்டார்.

ஆவாவை இறக்கினேன். காதருகே, "கால் தூக்கி வை, ஏழு தடவை, சத்தம் போடாதே," என்றேன். என் கைக்குள் அவள் உடம்பு கல்லாக இறுகுவது தெரிந்தது. வலி அலை வருகிறது. குலவையிட்டேன். அவள் முனகல் அதில் முங்கிப்போனது. அல்லாவே, இந்தத் தொண்டையைக் கொடுத்தாயே, இதற்காகத்தானா என்று நினைத்தேன்.

"ஒண்ணு!" என்று கத்தினார்கள். தாண்டினாள். திருப்பினேன். "ரெண்டு!" ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். "மூணு!" தகட்டு நகைகள் குலுங்கின. பீப்பாய்மேல் உட்கார்ந்திருந்தவன் கம்பால் தாளம் போட்டான். அந்தக் கம்பால்தான் காலையில் யாரையாவது அடித்திருப்பான். மறுபடி குலவையிட்டேன்.

"நாலு!"

"பொண்ணு ரொம்ப மெதுவா நடக்கறாளே," என்றான் ஸ்லிம்.

"வெக்கம்டா. நீ பொண்ணாப் பிறந்திருந்தாத் தெரியும்."

"வெக்கமா, பயமா?" என்று சிரித்துக்கொண்டே கிட்டே வந்தான். முக்காட்டுக்குள் குனிந்து பார்ப்பவன்போலத் தலையைச் சாய்த்தான். நான் நடுவில் போய் நின்றேன். அவன் மூச்சில் சிகரெட் வாசனை அடித்தது.

"அஞ்சு!"

ஐந்தாவது தடவை கால் தூக்கியபோது ஆவா அப்படியே நின்றுவிட்டாள். துணிமூட்டைக் கை என் தோளை அழுத்தியது. கீழே பார்த்தேன். அவள் காலடியில் தண்ணீர். பாவாடை ஓரத்திலிருந்து வடிந்து, மீனின் வாலை நனைத்து, தார்ச்சாலையில் கறுப்பாகப் பரவியது. பனிக்குடம் உடைந்துவிட்டது.

தலை தூக்கினேன். ஹமாதி அந்தத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். பிறகு என்னை. அந்த ஆள் வாயைத் திறந்தால் முடிந்தது. நான் கண்ணால் கெஞ்சினேன். என் வாழ்நாளில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

அவர் கால் ஐஸ் வாளியில் பட்டது. வாளி கவிழ்ந்து, மீன் தண்ணீரும் ஐஸ் கட்டிகளும் சாலை முழுக்க ஓடின, எங்கள் கால்களை நனைத்துக்கொண்டு.

"போச்சு, ஐஸெல்லாம் போச்சு!" என்று கத்தினார். "உங்க கூத்துல என் வியாபாரமே போச்சு! ஏழு ஆயிடுச்சு, கிளம்பச் சொல்லு!"

"அஞ்சுதான் ஆச்சு ஹமாதி மாமா," என்றான் ஸ்லிம்.

"ஏழுடா. நீ போன்ல படம் பார்த்துக்கிட்டே எண்ணினா அஞ்சுதான் வரும். நான் விடிஞ்சதுல இருந்து மீன் எண்ணுறவன். ஏழு!"

"அப்போ இவ துனிசியாக்காரிதான்னு சொல்ற?"

அதற்குள் நான் ஆவாவை வண்டியில் ஏற்றி, நானும் ஏறிவிட்டேன். ஹமாதி குனிந்து மீனை எடுத்தார். வாலிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதைத் துடைக்காமலே வண்டிக்குள் என் மடியில் போட்டார்.

"மீனத் தாண்டினவ வேற யாருடா? துனிசியாக்காரி. விடு வழிய."

பீப்பாய் உருண்டது. எங்களுக்குப் பின்னால் கைதட்டினார்கள், சீட்டியடித்தார்கள், நல்லா இருங்க என்று வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்துதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. பெஷீர் முனை திரும்பும்வரை மூச்சு விடவில்லை. திரும்பியதும் வண்டியை ஓட்டிக்கொண்டே ஓவென்று அழுதான்.

தலீலா கதவை ஒரு விரல் அளவு திறந்தாள். சங்கிலி போட்டிருந்தாள். உள்ளே ஒற்றைக் கண் தெரிந்தது.

"சத்தியமா சொல்லு ம்பார்க்கா. துனிசியாக்காரிதானே? எதிர்வீட்டை எரிச்சிருக்கானுங்க, பார்த்தியா? எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

எதிர்வீட்டுச் சுவர் கரிபிடித்திருந்தது. சத்தியம் செய்ய வாயெடுத்தேன். குர்ஆன்மேல் அடித்துச் சொல்லியிருப்பேன், எனக்கு ஒன்றும் தயக்கமில்லை. அதற்குள் ஆவா முக்காட்டைத் துணிமூட்டைக் கையாலேயே தள்ளி இறக்கினாள். கடித்த கைக்குட்டை கீழே விழுந்தது.

"இல்லக்கா. நான் துனிசியாக்காரி இல்ல. என் பேரு ஆவா. என் ஊரு புவாக்கே. எனக்குப் பிள்ளை வருது."

நல்ல காபெஸ் பேச்சு. என் இழுவை, என் ராகம். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. அந்த முனையில் இப்படிப் பேசியிருந்தால் மீனே வேண்டாமே என்று எனக்கு ஒருகணம் ஆத்திரம் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. அங்கே அவளைச் சொல்லச் சொல்லியிருப்பார்கள், துனிசியாக்காரி என்ற அந்த ஒரு வார்த்தையை. அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

கதவு சாத்திக்கொண்டது. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். முடிந்தது, தெருவிலேயே பெறப்போகிறாள் என்று நினைத்தேன். உள்ளே சங்கிலி உரசும் சத்தம் கேட்டது. கதவு முழுசாகத் திறந்தது.

"உள்ள வாங்கடி சீக்கிரம்," என்றாள் தலீலா. "ஏண்டி பொண்ணே, இதை உள்ள வந்து சொல்லக் கூடாதா?"

பொழுது சாயும் நேரம், மஃரிப் பாங்குக்குச் சற்று முன்னால் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் வீறிட்டு அழுதது. அந்த அழுகை ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. யார் வீட்டில் நிறைமாதக்காரி இருந்தாள் என்று தெருவே யோசிக்கும். தலீலா ஜன்னலுக்கு ஓடினாள், சாத்த முடியவில்லை, பழைய தாழ்ப்பாள். குழந்தையின் வாயை மூடவா முடியும்? நான் குலவையிட்டேன். அன்றைக்கு எத்தனையாவது தடவையோ. தொண்டை கிழிந்திருந்தது, இருந்தாலும் இட்டேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒருத்தி பதிலுக்குக் குலவையிட்டாள். அடுத்த வீட்டிலிருந்து இன்னொருத்தி. எதற்கென்றே தெரியாமல் தெரு முழுக்கப் பெண்கள் குலவையிட்டார்கள்.

"யாரு வீட்டுப் பிள்ளை?" என்று மாடிக்காரி உரக்கக் கேட்டாள்.

தலீலா என்னைப் பார்த்தாள். பாயில் கிடந்த ஆவாவும் பார்த்தாள். அந்தச் சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. நாற்பது வருஷமாகக் காட்டிப் பழகிய சொல். காட்டினால் விட்டுவிடுவார்கள்.

"எங்க வீட்டுப் பிள்ளை!" என்று கத்தினேன்.

"நல்லா இருக்கட்டும்!" என்றது மாடி.

தலீலா ஆவாவின் கைத்துணியை அவிழ்த்தாள். மருதாணி நன்றாகப் பிடித்திருந்தது. சிவந்த அந்த விரல்களால் ஆவா போனை எடுத்து மூசாவின் நம்பரை அழுத்தி, குழந்தையின் வாயருகே பிடித்தாள். குழந்தை அழுதது. மணி போகவில்லை.